கிரேடு செய்யாத கார்டின் நிலையை எப்படி எழுதுவது? ஆன்லைனில் விற்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் நம்மவர்கள் சிலர், பிள்ளைகள் சேர்த்து வைத்துவிட்டுப் போன பேஸ்பால், பாஸ்கெட்பால், ஹாக்கி கார்டுப் பெட்டிகளைத் திறந்து ஈபேயில் விற்க இறங்குகிறார்கள். விலை எவ்வளவு என்பதை நடந்து முடிந்த விற்பனைகளைப் பார்த்து அவர்களே கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். கார்டின் நிலையை என்னவென்று எழுதுவது என்பதில்தான் திணறல். வாங்கியவரோடு சண்டை வருவதும் அதனால்தான். காதில் விழுந்த கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்ன மாதிரியே கீழே தொகுத்திருக்கிறேன். கொஞ்சம் பழக்கம் உள்ளவர்கள் 7ஆம் கேள்வியிலிருந்து படித்தால் போதும்.

1. கிரேடு செய்யாத கார்டுன்னா என்ன? பெட்டியில இருக்கறது எல்லாமே அதுதானா?

பிஎஸ்ஏ, பெக்கெட், எஸ்ஜிசி, சிஜிசி போன்ற நிறுவனங்களுக்குக் காசு கட்டிக் கார்டை அனுப்பினால், சோதித்துப் பார்த்து 1 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் திருப்பித் தருவார்கள். இதில் பெரிய கை பிஎஸ்ஏ. 1991இல் தொடங்கியது. அப்படி மதிப்பெண்ணோடு அடைக்கப்படாத எல்லாக் கார்டும் கிரேடு செய்யாதவைதான். சேகரிப்பாளர்கள் 'ரா' கார்டு என்பார்கள். யாராவது அந்த உறையை உடைத்துக் கார்டை வெளியே எடுத்திருந்தால், அதுவும் மறுபடி 'ரா' ஆகிவிடும். பழைய மதிப்பெண்ணைச் சொல்லி விற்க முடியாது.

2. பார்க்கப் புதுசு மாதிரிதான் இருக்கு. 'மின்ட்'னு போட்டுடலாமா?

வேண்டாம். கடைத்தெருவில் அந்தச் சொல்லுக்கு 'புத்தம் புதுசு' என்று பொருள் இருக்கலாம். கார்டு வாங்குபவருக்கு அது ஓர் எண். பிஎஸ்ஏ அளவுகோலில் 'மின்ட்' என்றால் 9, 'நியர் மின்ட்' என்றால் 7, 'எக்ஸலன்ட்' 5, 'வெரி குட்' 3. 'குட் கண்டிஷன்' என்று நல்லெண்ணத்தோடு எழுதுகிறார்களே, அந்த 'குட்' வெறும் 2. மூலைகள் மழுங்கி, மேற்பரப்பு தேய்ந்து, பல மடிப்புகள் விழுந்த கார்டுக்குத்தான் அது.

பாக்கெட்டைப் பிரித்து நேராக உறையில் போட்டதுதான் என்பதும் ஆதாரமாகாது. தாளில் அச்சடித்து, வெட்டி, அடுக்கி, பாக்கெட்டில் திணிக்கும்போதே மூலை நசுங்கலாம், அச்சு ஒருபக்கம் ஒதுங்கலாம். பாக்கெட்டிலிருந்து வந்தது என்பது கார்டின் வரலாறு. அது எப்படி இருக்கிறது என்பது வேறு விஷயம்.

3. ஈபே நாலே நாலு நிலைதான் கொடுக்குது. எதைத் தேர்ந்தெடுக்கறது?

கிரேடு செய்யாத விளையாட்டுக் கார்டுக்கு ஈபே தருபவை இவை: 'நியர் மின்ட் ஆர் பெட்டர்', 'எக்ஸலன்ட்', 'வெரி குட்', 'புவர்'. முதலாவது, பாக்கெட்டிலிருந்து அப்போதுதான் எடுத்தது போன்றது. இரண்டாவதில் தேய்மானம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். மூன்றாவது, கார்டு முழுக்க நடுத்தரம் முதல் கடுமையான சேதம் உள்ளது. நான்காவது, முற்றிலும் நைந்தது. மூன்றாவதின் பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். 'வெரி குட்' என்பது பாராட்டு அல்ல.

இந்த நான்கும் அகலமான பெட்டிகள். எட்டு மதிப்பெண் வாங்கக்கூடிய கார்டும் பத்து வாங்கக்கூடிய கார்டும் ஒரே பெட்டியில் விழும். அதனால் பெட்டியைத் தேர்ந்தெடுப்பதோடு வேலை முடியாது. உண்மையான விவரம் நீங்கள் கையால் எழுதும் வரிகளில்தான் இருக்கிறது. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஊசலாடினால் கீழ்ப்பெட்டியைப் போடுங்கள். சொன்னதைவிட நன்றாக வந்தது என்று யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை.

4. கார்டுல எதை எதைப் பார்க்கணும்? எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியுது

சென்டரிங் (அச்சு கார்டின் நடுவில் இருக்கிறதா என்பது), மூலைகள், விளிம்புகள், மேற்பரப்பு. இந்த நான்கையும் முன்பக்கம், பின்பக்கம் இரண்டிலும் பார்க்க வேண்டும். பின்பக்கத்தை விட்டுவிடுவதுதான் புதியவர்களின் வழக்கம். பின்பக்க விளிம்பு அடர்நிறமாக இருந்தால், நிறம் உதிர்ந்து வெள்ளை தெரிவது அங்கேதான் முதலில் தொடங்கும்.

கையைக் கழுவி நன்றாக உலர்த்திக்கொண்டு, கார்டை உறையிலிருந்து வெளியே எடுங்கள். ஸ்லீவின், அதாவது மெல்லிய பிளாஸ்டிக் உறையின், கீறலும் கார்டின் கீறலும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். அறை விளக்கை அணைத்து, ஒரே ஒரு மேசை விளக்கின் கீழ் கார்டை மெல்லச் சாய்த்துத் திருப்புங்கள். நேர்ப் பார்வையில் ஒளிந்திருந்த கீறல், குழி, கைரேகை, மடிப்பு எல்லாம் அந்தச் சாய்வில் வெளியே வரும். பளபளக்கும் கார்டுகளுக்கு, அதாவது டாப்ஸ் குரோம், பனினி பிரிசம் வகைகளுக்கு, இந்தச் சாய்வுப் பார்வை கட்டாயம். அவற்றில் நீளவாக்கில் மெல்லிய அச்சுக் கோடுகளும் ஊசி முனை அளவு குழிகளும் சகஜம். மூலைகளுக்கு 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் நகைக்கடை லென்ஸ் போதும்.

சேர்த்து வைத்த விதமும் தடம் விட்டிருக்கும். வளைய ஆல்பத்தில் இருந்த கார்டு என்றால், வளையம் பக்கம் இருந்த வரிசையில் அரைவட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருக்கிறதா பாருங்கள். ரப்பர் பேண்டு போட்ட கட்டு என்றால், மேலும் கீழும் இருந்த கார்டுகளின் விளிம்பில் வெட்டு விழுந்திருக்கும். 1980, 90களில் பிரபலமாக இருந்த திருகு வைத்த பிளாஸ்டிக் பெட்டிகள் மோசமானவை. இறுக்கித் திருகினால் அட்டை நசுங்கித் தட்டையாகிவிடும். அப்படிப்பட்ட பெட்டியில் இருந்தது என்றால் அதையும் எழுதிவிடுங்கள். கிரேடுக்கு அனுப்ப நினைப்பவருக்கு அது முக்கியம்.

5. 60/40, 55/45னு போடறாங்களே, அது என்ன கணக்கு?

படத்தைச் சுற்றியுள்ள கரையின் அகலத்தை இடமும் வலமும் அளக்கிறோம். பிறகு மேலும் கீழும். இடப்பக்கம் 2.4 மில்லிமீட்டர், வலப்பக்கம் 1.6 என்றால் மொத்தம் 4. அதில் 2.4 என்பது 60 சதவீதம். ஆக 60/40. இடம் 2.2, வலம் 1.8 என்றால் 55/45. இரண்டு திசைகளில் எது மோசமோ அதையே சொல்ல வேண்டும். பிஎஸ்ஏ 10 கிடைக்க முன்பக்கம் 55/45க்குள், பின்பக்கம் 75/25க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். கரையே இல்லாமல் ஓரம்வரை படம் ஓடும் கார்டில் முன்பக்கத்தை அளக்க வழியில்லை. அங்கே எண் சொல்லாமல் படத்தைக் காட்டி விட்டுவிடலாம்.

அளக்காமல் குத்துமதிப்பாக எண் எழுதுவதைவிட, 'படம் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது' என்ற ஒரு வரி மேல்.

6. சரி, விவரத்துல என்னதான் எழுதறது? ஒரு மாதிரி காட்டுங்க

பெரிய குறை முதலில். எந்தப் பக்கம், எந்த இடம், எவ்வளவு, எப்படிப் பார்த்தால் தெரியும் என்று அடுத்தடுத்து. அப்பர் டெக் நிறுவனம் 1989இல் வெளியிட்ட, பேஸ்பால் வீரர் கென் கிரிஃபி ஜூனியரின் முதல் ஆண்டுக் கார்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான் இப்படி எழுதுவேன்:

'முன்பக்கம் கீழ் வலது மூலை லேசாக மழுங்கியிருக்கிறது, லென்ஸ் இல்லாமலே தெரியும். மற்ற மூன்று மூலைகள் கூர்மை. படம் இடப்பக்கம் ஒதுங்கல், சுமார் 60/40. பின்பக்கம் மேல் விளிம்பில் சிறு தேய்மானம். விளக்கின் கீழ் சாய்த்தால் முன்பக்கம் நடுவில் ஒரு மெல்லிய கீறல் தெரியும், 4ஆம் படம் பார்க்கவும். மடிப்பு, கறை, எழுத்து எதுவும் என் கண்ணில் படவில்லை.'

இதில் 'அருமை', 'அழகு', 'அரியது' எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். வாங்குபவர் அவற்றைத் தாண்டிக் குறை எங்கே என்றுதான் தேடுவார். 'மடிப்பு இல்லை' என்பதைவிட 'என் கண்ணில் படவில்லை' என்பது நேர்மையான வரி. ஆனால் சாய்த்துப் பார்த்த பிறகுதான் அதை எழுத வேண்டும்.

7. போட்டோவுலயே எல்லாம் தெரியுதே, எழுத வேற வேணுமா?

வேண்டும். எல்லாம் தெரிகிறது என்பது பெரும்பாலும் விற்பவரின் நம்பிக்கை மட்டுமே. ஸ்கேனர் மூலைகளையும் சென்டரிங்கையும் நன்றாகக் காட்டும். மேற்பரப்புக் கீறலையும் லேசான மடிப்பையும் விழுங்கிவிடும். கைபேசி கேமரா தானாகவே படத்தை மெருகேற்றும். ஆகவே முன், பின் இரண்டும் நேராக, நான்கு மூலைகளும் கிட்டத்தில், சாய்த்த வெளிச்சத்தில் இரண்டு, குறை உள்ள இடம் தனியாக என்று எடுங்கள். ஈபே 24 படங்கள்வரை இலவசமாக ஏற்றவிடுகிறது. கஞ்சத்தனம் தேவையில்லை.

வெள்ளைக் கரை உள்ள கார்டைக் கறுப்புத் துணி மேலும், கறுப்புக் கரை உள்ளதை வெளிர்நிறத்தின் மேலும் வையுங்கள். இல்லாவிட்டால் மூலை எங்கே முடிகிறது என்றே தெரியாது. நிறத்தைத் திருத்தாதீர்கள், பளிச்சென்று ஆக்காதீர்கள். டாப்லோடர் என்ற கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து ஒரே படம் எடுத்து, 'படத்தைப் பார்த்து முடிவு செய்யவும்' என்று எழுதும் ஒரு பழக்கம் இருக்கிறது. அதைப் பார்த்தாலே பழகிய ஆட்கள் எதையோ மறைக்கிறார் என்று நகர்ந்துவிடுவார்கள்.

8. குறை அச்சாகும்போதே வந்தது. என் தப்பு இல்லையே, அதை எதுக்கு நான் சொல்லணும்?

யார் தப்பு என்று வாங்குபவர் கேட்பதில்லை. அச்சுக் கோடு, மைப்புள்ளி, கோணலான வெட்டு, ஒதுங்கிய படம் எல்லாமே மதிப்பெண்ணைக் குறைக்கும். எழுதும்போது 'அச்சில் வந்த கோடு, கீறல் அல்ல' என்று பிரித்துச் சொல்லலாம். பலருக்கு அந்த வேறுபாடு முக்கியம். விரலால் தொட்டுப் பிரிக்க முயல வேண்டாம்; சாய்த்துப் பார்த்து ஊகியுங்கள். நிச்சயமில்லை என்றால் 'கோடு' என்று மட்டும் எழுதுங்கள்.

1990களின் டாப்ஸ் ஃபைனஸ்ட் கார்டுகள் பலவற்றில் மேலே ஒரு பாதுகாப்புப் படலம் ஒட்டி வரும். அது கலங்கலாக இருக்கிறதே என்று உரித்துவிடாதீர்கள். படலம் அப்படியே இருக்கிறது என்று எழுதினால் போதும். உரிக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பது வாங்குபவர் பாடு.

9. 1950, 60கள்ல வந்த கார்டு. அதுக்கும் இதே கண்டிப்பா?

பார்வை அதே கண்டிப்புத்தான்; எதிர்பார்ப்பு வேறு. பழைய கார்டில் மூலை மழுங்கியிருப்பதை யாரும் குற்றமாக நினைப்பதில்லை. ஆனால் பழசுக்கே உரிய சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். மெழுகுத் தாளில் சுற்றி, சூயிங்கம்மோடு விற்ற காலம் அது. பாக்கெட்டின் ஓரத்தில் இருந்த கார்டில் மெழுகுக் கறையோ கம் கறையோ படிந்திருக்கும். 1971 டாப்ஸ் பேஸ்பால் கார்டுகளின் கரை கறுப்பு, தொட்டாலே உதிரும். அந்த வருடத்துக் கார்டில் கரை முழுமையாக இருந்தால் அதைத் தாராளமாகச் சொல்லுங்கள். கனடாவின் ஓ-பீ-சீ ஹாக்கி கார்டுகள் பிசிறான விளிம்போடுதான் வெட்டப்பட்டு வந்தன. ஹாக்கி வீரர் வேன் கிரெட்ஸ்கியின் 1979 முதல் ஆண்டுக் கார்டும் அப்படித்தான். அந்தப் பிசிறு கிழிசல் அல்ல, அசல் வெட்டு. விவரத்திலும் அப்படியே எழுதுங்கள். அதில் விளிம்பு சவரம் செய்ததுபோல வழவழவென்று இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அளவையும் அளந்து எழுதுங்கள். 1957 முதல் டாப்ஸ் கார்டின் வழக்கமான அளவு 2½ அங்குலத்துக்கு 3½ அங்குலம். 1952 டாப்ஸ் அதைவிடப் பெரியது, 2⅝க்கு 3¾. பேஸ்பால் வீரர் மிக்கி மேண்டிலின் 1952 டாப்ஸ் கார்டு ஒன்று 2022இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் துழாவி, பளபளவென்று ஒன்றைக் கண்டெடுப்பவர்கள் உண்டு. அந்த 1952 வரிசையை டாப்ஸே 1983இல் சிறிய அளவில் மறுபதிப்பாக வெளியிட்டிருக்கிறது. அளவுகோல் வைத்தால் கனவு கலைந்துவிடும். மறுபதிப்பு என்றால் தலைப்பிலேயே எழுத வேண்டும்.

10. மடிப்பு ஒண்ணு இருக்கு. சாய்ச்சாத்தான் தெரியும். சொல்லணுமா?

சொல்ல வேண்டும், அதுவும் முதல் வரியில். மற்ற எல்லாமே பிரமாதமாக இருந்தாலும், ஒரு மடிப்பு கார்டை 7, 8இலிருந்து நடுத்தட்டுக்குக் கீழே இழுத்துவிடும். பிஎஸ்ஏ விளக்கத்தில் லேசான மடிப்புக்கு இடம் தரப்படுவது 4ஆம் மதிப்பெண்ணில். விலை வித்தியாசம் பல மடங்கு. மடிப்பு முன்பக்கத்திலிருந்து பின்பக்கம்வரை ஊடுருவியிருக்கிறதா, ஒருபக்கச் சுருக்கம் மட்டுமா என்பதையும் எழுதுங்கள். குரோம் வகைக் கார்டுகள் ஈரப்பதத்தால் வில்போல வளைவது வேறு. அதை 'வளைவு' என்று தனியாகச் சொல்லுங்கள், மடிப்போடு சேர்க்க வேண்டாம்.

11. துடைச்சு, அழுத்திச் சரிபண்ணிட்டு விற்கலாமா?

மைக்ரோஃபைபர் துணியால் கைரேகையை ஒற்றி எடுப்பதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. மெழுகுக் கறையை நைலான் காலுறையால் தேய்த்து எடுப்பதும் பழைய கைவேலைதான். அதற்கு மேலே போய் ரசாயனம் தடவுவது, மெருகு ஏற்றுவது, நீராவி காட்டி மடிப்பை அழுத்துவது, வெள்ளை தெரியும் விளிம்புக்கு மார்க்கர் அடிப்பது, மூலை கூராகத் தெரிய ஓரத்தைச் சீவுவது எல்லாம் கார்டைத் திருத்தியதாகவே கொள்ளப்படும். செய்திருந்தால் சொல்லியே ஆக வேண்டும். செய்யாமலிருப்பதே என் பரிந்துரை.

இந்தத் துறையின் மிகப் பெரிய தலைகுனிவே சீவலில் வந்ததுதான். வேன் கிரெட்ஸ்கி ஒரு காலத்தில் இன்னொருவரோடு கூட்டாக வைத்திருந்தது, டி206 என்ற பழைய சிகரெட் பாக்கெட் கார்டு வரிசையில் வந்த பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் கார்டு. பிஎஸ்ஏ முதன்முதலில் கிரேடு செய்த கார்டு அதுதான்; 8 கிடைத்தது. அதன் ஓரங்களைத் தானே சீவியதாக ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். வல்லுநர் கண்ணிலேயே தப்பியது என்றால், நீங்கள் வேறொருவரிடம் வாங்கிய பழைய கார்டுக்கு 'சீவப்படவில்லை' என்று அடித்துச் சொல்ல முடியாது. நான்கு பக்க அளவையும் எழுதி, 'என் கையில் வந்த பிறகு எதுவும் செய்யவில்லை' என்பதோடு நிறுத்துங்கள்.

12. கையெழுத்து உள்ள கார்டுக்கு வேற ஏதாவது சேர்க்கணுமா?

கையெழுத்து கார்டின் மேலேயே போட்டதா, ஸ்டிக்கரில் போட்டு ஒட்டியதா என்பதைச் சேர்க்க வேண்டும். மை மங்கல், இழுப்பு, குமிழி இருந்தால் அதையும். ஜெர்சித் துண்டு வைத்த தடிமனான கார்டு என்றால், விளிம்பையும் கிட்டத்தில் படம் எடுங்கள்.

13. நூறு இருநூறு கார்டை ஒரே லாட்டாப் போடறேன். ஒவ்வொண்ணுக்கும் எழுதணுமா?

உங்கள் ஆயுசு அதற்குப் போதாது. 1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் கோடிக்கணக்கில் அச்சடித்துத் தள்ளினார்கள். அந்தக் காலப் பொதுக் கார்டுகளுக்கு லென்ஸ் பிடிப்பது வீண். ஆனால் ஒரு விதி: லாட்டின் நிலையை அதிலுள்ள மோசமான கார்டை வைத்துச் சொல்லுங்கள், மேலே தெரியும் நட்சத்திரத்தை வைத்து அல்ல. 'நிலை கலவை, சிலவற்றில் மூலை மழுங்கல், இரண்டில் மடிப்பு' என்றால் போதும். விலையே அந்த நட்சத்திரத்தை நம்பித்தான் என்றால், அதற்கு மட்டும் 6ஆம் கேள்வியில் சொன்னபடி தனியாக எழுதுங்கள்.

14. ஊர்ல விளையாடின கிரிக்கெட் ட்ரம்ப் கார்டு இருக்கு. அதுக்கும் இதே முறையா?

ஏறக்குறைய. அவை விளையாடி நைந்தவை, மூலையையும் உருண்டையாகவே வெட்டியிருப்பார்கள். மூலைக் கூர்மை என்ற பேச்சே இல்லை. பதிலாக, கட்டு முழுமையா, எந்தக் கார்டு குறைகிறது, பெட்டி இருக்கிறதா, யாராவது பேனாவால் கிறுக்கியிருக்கிறார்களா என்று எழுதுங்கள்.

15. 'பிஎஸ்ஏ 10 வரும்'னு தலைப்புல போட்டா விலை ஏறுமே?

10 வரும் என்று உறுதியாகத் தெரிந்தால் நீங்களே ஏன் அனுப்பவில்லை என்று படிப்பவர் கேட்டுக்கொள்வார். அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. அதோடு, எண்ணைச் சொன்னால் அது வாக்குறுதி மாதிரி ஆகிவிடும். '10 கிடைக்குமா?' என்று வாங்குபவர் செய்தி அனுப்பினாலும் எண் சொல்லாதீர்கள். கூடுதல் படம் வேண்டுமா என்று கேளுங்கள். செய்தியில் எழுதுவதும் விவரத்தில் எழுதுவதும் தகராறு வரும்போது ஒன்றுதான்.

16. 'ரிட்டர்ன் கிடையாது, இருக்கற நிலையிலேயே விற்பனை'ன்னு போட்டுட்டா தப்பிச்சுடலாம்தானே?

முடியாது. மனம் மாறியதால் திருப்புவதை மட்டும் அந்த வரி தடுக்கும். சொன்னபடி இல்லை என்று வாங்குபவர் முறையிட்டால், பொருள் கிடைத்து 30 நாட்கள்வரை ஈபேயின் பணம் திரும்பும் உத்தரவாதம் அவருக்கு உண்டு. திருப்பி அனுப்பும் தபால் செலவும் உங்கள் தலையில்தான். உங்களைக் காப்பது அந்த எச்சரிக்கை வரி அல்ல. 10ஆம் கேள்வியில் சொன்ன மாதிரிக் குறையை முதலிலேயே எழுதிய வரிதான். விலை ஒரு வரம்பைத் தாண்டினால் சில கார்டுகளை ஈபே நடுவில் ஒரு சோதனை இடத்துக்கு வரவழைக்கிறது. அசலா என்பதோடு, நீங்கள் எழுதிய நிலையோடு ஒத்துப்போகிறதா என்றும் அங்கே பார்ப்பார்கள்.

17. வாங்கினவர் கிரேடுக்கு அனுப்பி 6 வந்துடுச்சாம். பணத்தைத் திருப்பிக் கேட்கறார். கொடுக்கணுமா?

உங்கள் விவரத்தை எடுத்துப் பாருங்கள். 6 வரக் காரணமான குறையை எழுதியிருந்தாலோ படத்தில் காட்டியிருந்தாலோ, கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. மரியாதையாக அந்த வரியையும் பட எண்ணையும் குறிப்பிட்டுப் பதில் அனுப்புங்கள். குறையே குறிப்பிடாமல் 'நியர் மின்ட் ஆர் பெட்டர்' போட்டு, கார்டில் மடிப்பு இருந்தது என்றால், காலக்கெடு முடிந்திருந்தாலும் பேசித் தீர்ப்பதே நியாயம் என்பேன். உறையில் அடைத்த பிறகு அது நீங்கள் அனுப்பிய நிலையில் இல்லை என்பதையும் பேச்சில் வைத்துக்கொள்ளுங்கள். முழுத் தொகை இல்லாமல் ஒரு பகுதியைக் கொடுத்து முடிப்பது அப்போது இருவருக்கும் சரியாக வரும்.

18. திருப்பி அனுப்பும்போது என் கார்டை வச்சுக்கிட்டு வேற மோசமான கார்டை அனுப்பிட்டா?

நடக்கக்கூடியதுதான். கிரேடு செய்யாத கார்டில் தொடர் எண் இல்லாவிட்டால் அடையாளம் காட்டுவது சிரமம். விற்பதற்கு முன்பே 7ஆம் கேள்வியில் சொன்ன கிட்டத்துப் படங்களை முழு அளவில் கணினியில் சேமித்து வையுங்கள். ஒவ்வொரு கார்டிலும் கரையின் அகலம், மைப்புள்ளியின் இடம், பின்பக்க விளிம்பில் அட்டை நாரின் பிசிறு எல்லாம் வெவ்வேறாக இருக்கும். திரும்பி வந்த உறையைப் பிரிப்பதை வெட்டில்லாமல் காணொளி எடுத்து, இரண்டு படங்களையும் அருகருகே வைத்து, பொருந்தாத புள்ளியை வட்டமிட்டு ஈபேக்கு அனுப்புங்கள். பணத்தைத் திருப்பித் தரும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும்.